நாடாவில் மிஞ்சிய குரல்



சபராளிகளின் மனைவியராய் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். கடிதத்தில் எழுதித் தீராததைக் கேஸட்டில் பேசி, பயணம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்ததல்லவா? என் கணவர் சவூதியிலிருந்து 1987-இல் அனுப்பிய கேஸட் ஒன்று இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாடா நைந்துபோகுமுன் கைபேசியில் ஏற்றித் தருவதாகச் சென்ற மாதம் என் மகன் அதை எடுத்துக்கொண்டான். அன்றிரவு, "உம்மா, இதையும் கேளுங்கள். இந்தப் பறவையின் குரலை மனிதர்கள் கடைசியாகக் கேட்டதும் அதே 1987-இல்தான்" என்று ஒரு பாட்டை ஒலிக்கவிட்டான்.

புல்லாங்குழலை யாரோ தொலைவில் மெல்ல ஊதிப் பார்ப்பது போன்ற ஒலி. சற்று நிற்கிறது. மீண்டும் தொடங்குகிறது.

பசிபிக் பெருங்கடலில் ஹவாய்த் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதிலுள்ள கவாய் என்னும் ஒரே தீவில் மட்டும் வாழ்ந்த பறவை அது. (பெயர்கள் குழப்புகின்றன, நானும் முதலில் குழம்பினேன்.) அதன் குரலையே பெயராக்கி, 'ஓ ஓ' என்று அத்தீவு மக்கள் அழைத்தனர். ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். கருமை கலந்த உடல். தொடையில் மட்டும் மஞ்சள் இறகுகள். பூந்தேனையும் பூச்சிகளையும் உண்டு, மரப்பொந்தில் கூடு கட்டும். ஆணும் பாடும், பெண்ணும் பாடும்.

இதனை அழித்தவற்றுள் முதன்மையானது எது தெரியுமா? கொசு! ஹவாயில் ஆதியில் கொசுவே கிடையாது. 1826-ஆம் ஆண்டளவில் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அது மாவி என்னும் தீவில் இறங்கியதாகச் சொல்கிறார்கள். அது வேறெங்கும் இல்லாத விநோதக் கொசுவும் அன்று. நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புகிறதே, அதே இனம். பறவைகளைத் தாக்கும் ஒருவகை மலேரியா பின்னாளில் அங்கு வந்து சேர்ந்தபோது, அதைப் பறவைக்குப் பறவை சுமந்து சென்றது இக்கொசுதான். அந்நோயை அறிந்திராத தீவுப் பறவைகளின் உடலில் அதை எதிர்க்கும் வலு இல்லை. காடழிப்பும், கப்பல்களில் வந்த எலிகளும் தம் பங்கைச் செய்தன.

கொசுவுக்குக் குளிர் ஆகாது. ஆகவே உயிர் பிழைத்த பறவைகள் 1,200 மீட்டருக்கும் மேலே, ஓயாது மழை பொழியும் அலகாய் என்ற சதுப்புக் காட்டில் எஞ்சின. அழிந்தே போயிற்று என எண்ணப்பட்ட ஓ ஓ, 1960-இல் அங்கே மீண்டும் தென்பட்டது. 1971-இல் அதன் கூட்டையும் கண்டுபிடித்தனர். ஆனால் 1981-இல் தேடியபோது ஒரே ஒரு சோடியைத்தான் காண முடிந்தது. 1982 நவம்பரில் 'ஈவா' என்னும் பெரும்புயல் வீசியது. அதன்பின் பெண் பறவையைக் கண்டவர் இல்லை.

ஆண் பறவை மட்டும் பாடிக்கொண்டிருந்தது. 1985-க்குப் பிறகு அதன் உருவமும் தென்படவில்லை. 1987-க்குப் பிறகு குரலும் கேட்கவில்லை. 1992-இல் இன்னொரு புயல் அக்காட்டைச் சிதைத்தது. அழிந்துவிட்டதென்று அமெரிக்க அரசு பாதுகாப்புப் பட்டியலிலிருந்து இதன் பெயரை நீக்கியது 2023-இல்! அவ்வாண்டு நீக்கப்பட்டவற்றுள் ஹவாய்ப் பறவைகள் மட்டும் எட்டு. ஓ ஓவோடு அதன் குடும்பமே முடிந்தது. அக்குடும்பத்தின் ஐந்து இனங்களில் இன்று ஒன்றும் இல்லை. எஞ்சிய வேறு பறவைகளையேனும் காப்பதற்காக, மாவித் தீவின் காடுகளில் 2023 முதல் ஆண் கொசுக்களை விடுகிறார்கள். அவற்றோடு கூடும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. கொசுவைக் கொண்டே கொசுவைக் குறைக்கும் உபாயம்! இது ஓ ஓவுக்குக் காலம் கடந்த மருந்து.

என் கேஸட்டுக்கு வருகிறேன். அந்நாளில் கேஸட் எங்களுக்கு விலை மிகுந்த பொருள். நான் பதில் பேசி அனுப்பிய பக்கத்தின் மேலேயே அவர் மீண்டும் பேசி அனுப்புவார். அதனால் என் பதில்கள் எவையும் மிஞ்சவில்லை. அவர் கேள்விகள் மட்டுமே உள்ளன. "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டுவிட்டு, எதிரில் நான் அமர்ந்திருப்பதுபோல் சற்று நேரம் பேசாதிருப்பார். அவருடைய அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அடுத்த கேள்வி.

அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளைதான் இன்று என் எதிரில் அமர்ந்து பதிவு செய்துகொண்டிருந்தான்.

"உம்மா, நடுவில் வெறுமனே இருக்கும் இடங்களை வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன்.