கார் லேட்டாக வரவில்லை

அந்த டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நாலு மணிக்கு வரச் சொன்னால் மூணே முக்காலுக்கே தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல் மிஸ்டு கால் கொடுப்பவர் அவர். அன்றும் அப்படித்தான். மேடவாக்கத்தில் கிளம்பியவன் ஐந்து மணிக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இருந்தேன். மும்பை விமானம் 6.45க்கு.

வீட்டில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கட்டித்தர மனைவி எழுந்து நின்றாள். "வேண்டாம், அங்கே பார்த்துக்கறேன்" என்றேன். அந்த 'அங்கே'யில் என் திருட்டுத்தனம் முழுவதும் இருந்தது. கொலஸ்ட்ராலைப் பார்த்துவிட்டு டாக்டர் பொரித்ததையெல்லாம் நிறுத்திய நாளிலிருந்து, எனக்கு விமான நிலையம் என்றால் பர்கர். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. உள்நாட்டு முனையத்தில் செக்-இன் பக்கமே, 2025இல் திறந்த உடான் யாத்ரி கஃபே இருக்கிறது. டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20. சோதனை முடிந்து உள்ளே போனால் பர்கர் என்பதால், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நானூற்றுச் சொச்சத்துக்கு ஒரு சிக்கன் பர்கர், உருளை வறுவல், கோலா. சாப்பிட்டேன். அதோடு எழுந்திருக்கலாம். வறுவல் இன்னொரு பொட்டலம் கேட்டேன். "புதுசா போட்டிருக்கோம் சார், ரெண்டு நிமிஷம்." போர்டிங் பாஸில் அச்சடித்திருக்கிறது, புறப்பட 25 நிமிடம் இருக்கும்போது கேட்டை மூடிவிடுவார்கள் என்று. எனக்கு மனப்பாடம். திரையில் கடைசி அழைப்பு வந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு என் டோக்கன் நம்பர் வருகிறதா என்று திரும்பிக்கொண்டேன்.

கேட்டுக்குப் போனபோது 6.24. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விமானம் நிற்கிறது. கையில் வறுவல், சூடாக. கைப்பை மட்டும் கொண்டுபோனதால், என் பெட்டியைத் தேடி இறக்கும் வேலைகூட அவர்களுக்கு இல்லை. கெஞ்சினேன். அந்தப் பெண் என் முகத்தைவிடப் பொட்டலத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

அடுத்த விமானத்துக்கு டிக்கெட் இரண்டரை மடங்கு. ஆபீஸ்தான் கொடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். "கார் லேட்" என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் மறுமுனையில், "அந்த டிரைவரை இனிமே கூப்பிட வேண்டாம்னு சொல்லிடறேன் சார்" என்றபோது யோசிக்க நேரம் இருந்தது. "சரி" என்றேன்.

அந்த டிரைவர் ஏன், எதற்கு என்று என்னிடம் கேட்கவே இல்லை. இப்போது வருகிற டிரைவர் வாசலிலேயே நின்று தெருவே எழுந்திருக்கிற மாதிரி ஹாரன் அடிக்கிறார்.

நான் திருந்தவும் இல்லை. போன மாதம்கூடச் சாப்பிட்டேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

பொங்கலன்று அந்தப் பழைய டிரைவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்தது, பானையும் கரும்புமாக. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பினேன்.