ஒரு சொல் விட்டுப்போன இரவு

சனிக்கிழமை காலையில் கிள்ளானில் கொம்யூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் நடந்தால் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கடை வந்துவிடும். ஐந்தாறு பேர் இருப்போம். எல்லாரும் நெட்வொர்க் எஞ்சினியர்கள். வேறு வேறு நிறுவனங்கள். அதில் இரண்டு, ஒரே வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்ளும் நிறுவனங்கள். தோசையும் தே தாரிக்கும் முடிந்ததும் மடிக்கணினிகள் வெளியே வரும். என் மனைவி இதற்கு ‘சனிக்கிழமை சங்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு இன்றுவரை நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன்தான்.

நான் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, கண்காணிப்புக் கேமரா, விருந்தினர் வைஃபை எல்லாம் ஒரே சுவிட்ச் வழியாகத்தான் ஓடும். ஒன்றோடொன்று கலக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை உண்டு. அதற்கு வீலேன் என்று பெயர். ஒவ்வொரு வீலேனுக்கும் ஓர் எண். இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் கேபிளில் எந்தெந்த எண்கள் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். புதிதாக 30ஆம் எண்ணைச் சேர்க்க வேண்டுமென்றால், சிஸ்கோ சுவிட்சில் அடிக்கும் கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல் இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் சுவிட்ச் கோபிக்காது, கேள்வியும் கேட்காது. பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு 30ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். பந்தியில் இன்னொருவருக்கும் இலை போடச் சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பிவிட்டு அவரை மட்டும் உட்கார வைத்த கதைதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் இரவு பதினொரு மணிக்கு, கிள்ளான் வீட்டிலிருந்தபடியே ஷா ஆலாமில் ஒரு கிடங்கின் சுவிட்சில் இதைத்தான் செய்தேன். என்டர் தட்டினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. நான் உள்ளே போன பாதையும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. என் காலடிக் கிளையை நானே வெட்டிவிட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் மகிழுந்தை விரட்டிக்கொண்டு போய், காவலரை எழுப்பி, சுவிட்சை அணைத்துப் போட்டேன். புதிய மாற்றத்தை நான் சேமிக்கவில்லை என்பதால் ஐந்து நிமிடத்தில் பழைய அமைப்பு திரும்பிவிட்டது. தப்பு நடந்த தடமும் அதோடு போய்விட்டது.

மறுநாள் அறிக்கையில் எழுதினேன்: ‘சுவிட்ச் பதிலளிக்கவில்லை. மறுதொடக்கம் செய்யப்பட்டது. சரியானது.’ பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தை கிடையாது.

ஒன்பது மாதம் கழித்து, எனக்குக் கீழே வேலைக்கு வந்திருந்த பந்திங் பையன் இன்னொரு கிடங்கில் அதே சொல்லை விட்டான். அவனுக்கு வாய்த்தது பட்டப்பகல் இரண்டு மணி. நாற்பது நிமிடம் லாரிகள் வரிசையில் நின்றன. மேலாளர் கேட்டதும் மறைக்காமல், “ஆட் போட மறந்துட்டேன் சார்” என்றான். கூட்டம் போட்டார்கள். “இது அடிப்படை. யாராவது இப்படிச் செய்வாங்களா?” என்று மேலாளர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிவில் அவன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த ஒரு காரணத்தால்தானா என்றால் தெரியாது. அந்த ஒரு காரணம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பிற்பாடு என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்தவனே அவன்தான். “சும்மா பேசுவோம், வாங்கண்ணே” என்றான். முதல் நாளே ஒரு பெரியவர் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். தூரத்திலிருந்து எதையும் மாற்றுமுன், ‘பத்து நிமிடத்தில் நீயே மறுதொடக்கம் செய்துகொள்’ என்று சுவிட்சிடம் சொல்லிவிட வேண்டுமாம். எல்லாம் சரியாக நடந்தால் அதை ரத்து செய்துவிட்டு, பிறகு சேமிக்கலாம். மாட்டிக்கொண்டால், அதுவே எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு வரிக் கட்டளை. அறிக்கையில் உண்மையை எழுதி யாரிடமாவது கேட்டிருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்.

இந்தத் தொழில் பிறந்ததும் சாப்பாட்டு மேசையில்தான். உலக இணையத்தில் எந்த ஊருக்கு எந்த வழி என்று நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறைக்கு பிஜிபி என்று பெயர். 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், ஒரு கூட்டத்தின் உணவு இடைவேளையில், கிர்க் லோகீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இருவர் அதைக் காகித நாப்கின்களில் வரைந்தார்கள். ஒருவர் சிஸ்கோ, மற்றவர் ஐபிஎம். அதே ஆண்டு ஜூனில் யாரும் படிக்கலாம் என்று அது வெளியானது. சொன்னதை நம்பும் முறை என்பதால் அதிலும் ஆபத்து உண்டு. 2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை மாலை, நம் டெலிகாம் மலேசியாவின் வலைப்பின்னல் ஏறத்தாழ 1,79,000 வழிகளை ‘இப்படி வாங்க’ என்று தவறுதலாக அறிவிக்க, அமெரிக்காவின் லெவல் 3 அதை நம்பிவிட்டது. தாமான் சந்துக்குள் நெடுஞ்சாலையைத் திருப்பிவிட்டது போல, இரண்டு மணி நேரம் உலகின் பல மூலைகளில் இணையம் தள்ளாடியது. டெலிகாம் மலேசியா மன்னிப்புக் கேட்டது. என்ன நடந்தது என்று பல நாட்டு எஞ்சினியர்கள் நிமிடக் கணக்கோடு எழுதி வைத்தார்கள். அவ்வளவு பெரிய தப்பை உலகமே மேசையில் போட்டு அலசியது. என்னால் ஒரு கிடங்கின் கதையைச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை சொன்னேன். ஷா ஆலாம், காவலர், அறிக்கை, மேலாளரின் கேள்வி, நான் பார்த்த மேசை, எல்லாவற்றையும். மற்றவர்கள் தேநீரைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

“அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, ஆட் இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்திருப்பேன்ணே” என்றான். கொஞ்சம் நேரம் கழித்து, “அந்தக் கூட்டத்துலயாவது சொல்லியிருக்கலாம்.”

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான். எனக்கு எதிரே உட்காராமல் ஓரத்தில் உட்கார்ந்தான். புதிதாக வந்திருந்த ஒரு கிள்ளான் பெண், பாலிடெக்னிக் முடித்து மூன்று மாதம்தான் ஆகிறது, டிரங்க் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டாள். அவன் என் பக்கம் கையைக் காட்டி, “அண்ணன்கிட்ட கேளு. ரெண்டு கிடங்கு கதையும் அவருக்குத் தெரியும்” என்றான்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன்.