இறக்கத்தில் பிடிக்கும் என்ஜின்

பதுளையில் பிரதேச நிருபராகப் பணியாற்றிய காலத்தில் என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. 1994இல் தோட்ட உத்தியோகத்தர் ஒருவரிடம் பழையதாக வாங்கிய டூ ஸ்ட்ரோக் வாகனம் அது. அதைத் தயாரித்த கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் கூறவிருக்கும் குறை ஒரு கம்பனிக்கு மட்டும் உரியதன்று.

விற்றவர் அதன் இருக்கையைத் தட்டிக்கொடுத்துக் கூறினார்: “ஏத்தத்துல யானை மாதிரி இழுக்கும் தம்பி.”

அவர் கூறியது உண்மை. ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளை வரையிலான ஏற்றத்தை அது முனகாமல் ஏறியது. இறக்கத்தைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. நானும் கேட்கவில்லை.

வாங்கி மூன்றாவது மாதம், கொஸ்லந்தைப் பக்கம் நடைபெறவிருந்த தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் புறப்பட்டேன். பின்னிருக்கையில் தோட்டப் பாடசாலை ஆசிரியரான நண்பர் ஒருவர் இருந்தார். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹப்புத்தளையில் தேநீர் அருந்திவிட்டுப் பெரகலைச் சந்தியை நோக்கி இறங்கினோம். தெற்கிலிருந்து மூடுபனி மேலேறிக்கொண்டிருந்தது. மலைநாட்டுச் சாரதிகள் அனைவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டாவது கியருக்கு மாற்றி, அக்சிலேட்டரை முழுமையாக மூடி, என்ஜினின் பிடியிலேயே வாகனத்தை இறங்கவிட்டேன். பிரேக் சூடாகாமல் இருப்பதற்கு அதுவே வழி என்று கற்றிருந்தேன்.

ஒரு வளைவில் என்ஜினின் ஓசை திடீரென மெலிந்தது. அடுத்த கணம் பின்சக்கரம் சுழலாமல் நின்றது. வாகனம் சறுக்கி, இருவரும் விழுந்தோம். நல்லவேளையாக மலைப்பக்கம் விழுந்தோம். மறுபக்கம் விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். நண்பரின் வலது கை முறிந்தது. அந்தத் தவணை முழுவதும் அவர் இடது கையால் கரும்பலகையில் எழுதினார்.

வியப்பு என்னவென்றால், கால்மணி நேரம் கழித்து நான் உதைத்தபோது, எதுவுமே நடவாததுபோல் என்ஜின் இயங்கியது.

பதுளை நகரில் சிறிய கராஜ் வைத்திருந்த ஒருவரிடம் வாகனத்தைக் கொண்டு சென்றேன். ஊரில் அனைவரும் அவரை நானா என்றே அழைப்போம். அவர் சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் பக்கவாட்டில், பூனை பிறாண்டியதுபோல் நெடுக்குக் கோடுகள் இருந்தன.

“இது நோய் இல்ல தம்பி, பிறவிக் குணம்” என்றார் நானா. “வித்தவர் ஒண்டும் சொல்லல்லையா?”

அவர் விளக்கியது இதுதான். இத்தகைய என்ஜினில் ஒயிலுக்குத் தனி வழி கிடையாது. இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் என்ற கணக்கில் கலந்து தாங்கியில் ஊற்றுகிறோம். பெற்றோல் போகும் வழியிலேதான் ஒயிலும் போகிறது. இறக்கத்தில் அக்சிலேட்டரை மூடினால் பெற்றோல் குறையும். அதனோடு ஒயிலும் குறையும். ஆனால் சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. மிக வேகமாகச் சுழலும் நேரத்தில்தான் அதற்கு மிகக் குறைவான ஒயில் கிடைக்கிறது. ஏற்றத்தில் ஏற்கெனவே சூடேறி விரிந்திருக்கும் அலுமினியப் பிஸ்டன், உலர்ந்த சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆறினால் சுருங்கி விட்டுவிடுகிறது.

பின்னர் நான் தேடிப் படித்தபோது, உலகம் இதனை வெகுகாலம் அறிந்திருந்தது புரிந்தது. சுவீடனின் சாப் கம்பனி தனது டூ ஸ்ட்ரோக் கார்களில், கால் எடுத்தவுடன் என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் பொறியமைப்பொன்றை வைத்திருந்தது. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரிலும் நான்காவது கியரில் அது இருந்தது. யமஹா கம்பனி 1964இல், ஒயிலைத் தனிப் பம்பின் மூலம் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. பந்தய வீரர்களோ இடது கையின் இரண்டு விரல்களைக் கிளட்சின்மீதே வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

பந்தயங்களைப் பற்றி எதுவுமறியாத நானா எனக்குக் கற்பித்ததும் அதே பாடத்தைத்தான். நீண்ட இறக்கத்தில் கிளட்சை அழுத்தி, அக்சிலேட்டரை ஒருமுறை திறந்து மூட வேண்டும். என்ஜினுக்கு ஒரு வாய் ஒயில் கிடைக்கும். முழுப் பாரத்தையும் என்ஜினின்மீதும் விடக்கூடாது, பிரேக்கின்மீதும் விடக்கூடாது. இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்சில் இருக்க வேண்டும். ஓசை மெலிந்தால் யோசிக்காமல் அழுத்திவிட வேண்டும்.

அதன் பின்னர் ஐந்து ஆண்டுகள் ஊவாவின் இறக்கங்களில் அந்த வாகனத்தை ஓட்டினேன். இரண்டு தடவைகள் என்ஜின் பிடித்தது. இரண்டு தடவையும் விரல்கள் காப்பாற்றின. இன்றும் பஸ்ஸில் இறக்கம் இறங்கும்போது என் இடது கை விரல்கள் தாமாகவே மடங்குகின்றன.

1999இல் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலானேன். வாகனத்தை வாங்கப் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். கொழுந்து பறிக்கும் தாயின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்திருந்தான். ஒயில் கலக்கும் அளவு, செயினின் வயது, பிளக்கைத் துப்புரவாக்கும் முறை ஆகிய அனைத்தையும் சொன்னேன். இறக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விலை குறையும். ‘டூ ஸ்ட்ரோக்கின் குணம் ஊருக்கே தெரியும், இவனுக்கும் தெரிந்திருக்கும்’ என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கரும்பலகையில் இடது கையால் எழுதிய நண்பர் கண்முன் நின்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் பசறைக்குச் சென்று, லயத்தைத் தேடி நடந்தேன். நான் மேலும் பணம் கேட்க வந்திருப்பதாக அந்தத் தாய் அஞ்சினார். இளைஞனை அழைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நான்கு முறை இறங்கி ஏறினேன். ஐந்தாவது முறை அவனை ஓட்டவிட்டுப் பின்னால் அமர்ந்தேன். விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் பணத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே சார்?”

அக்கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நானும் நண்பரும் விழுந்தெழுந்த அதே மலைச்சரிவின் கீழ்ப்புறம் அது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த செய்தி பின்னர் வெளிவந்தது. ‘முன்பே சொன்னார்கள், மக்கள்தான் வெளியேறவில்லை’ என்று பலர் பேசினார்கள்.

நான் வேறொன்றை நினைத்தேன். நானா என்னிடம் குறையை மட்டும் சொல்லிவிட்டு அனுப்பவில்லை. அது நேரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி, என் விரல்களைத் தம் கையாலேயே கிளட்சில் எடுத்து வைத்தார். மீரியபெத்த மக்களிடம் ‘வெளியேறுங்கள்’ என்று சொன்னவர்கள், எங்கே போவது என்பதைச் சொன்னார்களா? சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்கள் எந்தக் கிளட்சை அழுத்துவது? உயிர் தப்பியவர்களுக்கான புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன.

இதில் எனக்கும் பங்குண்டு. தலைமை அலுவலக மேசையில் அமர்ந்து, மண்சரிவு எச்சரிக்கைகளை உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக இட்டவர்களில் நானும் ஒருவன். ஊருக்கே தெரிந்த விடயம்தானே என்றுதான் அப்போதும் எண்ணினேன்.

பசறை இளைஞனிடம் திரும்பிச் செல்ல எனக்கு மறுநாள் காலை ஒரு பஸ் இருந்தது. மீரியபெத்தவுக்குச் செல்ல அப்படியொரு பஸ் இருக்கவில்லை.