கண்ணைச் சிமிட்டவும்

வேலப்பன்சாவடி. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் ஒரு ரீசார்ஜ் கடை. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டபடி பல் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நான் ஜெராக்ஸுக்கு.

கடைக்குள் ஸ்டூலில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். மடியில் மடக்கிய வெள்ளைக்கோல். இந்தச் சாலைக்கு அது புதிதில்லை. பூந்தமல்லியில் அரசுப் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான்.

போனைக் காதோரம் வைத்து, ஒற்றை விரலால் திரையை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகிறார். தள்ளத் தள்ள டாக்பேக் குரல் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்கிறது. வேண்டியது வந்ததும் டப் டப்பென்று இரண்டு தட்டு. குரல் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவருக்கு அதுவே மெதுவோ என்னவோ. பேங்க் கணக்கு தொடங்குகிறார். பெயர், பான், ஆதார், ஓடிபி எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஓரிடத்தில் மட்டும் குரல் ‘பட்டன்… பட்டன்… பட்டன்’ என்று திக்கியது. மூன்றுக்கும் பெயர் வைக்க யாருக்கோ சோம்பல். முதலாவதைத் தட்டினார், ஆப் வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போய் இரண்டாவதைத் தட்டினார். அதுதான்.

அப்புறம் கேமரா திறந்தது. முகத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டுமாம். கடைப்பையன் எட்டிப் பார்த்து, “கொஞ்சம் லெஃப்ட்லக்கா… இன்னும் மேல” என்றான். வட்டம் பச்சையானது. அடுத்த கட்டளை: கண்ணைச் சிமிட்டவும்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இமைகள் ஒட்டி மூடியே இருந்தன. சற்று நேரம் பார்த்துவிட்டு, நேரம் முடிந்தது என்றது போன்.

இதே கட்டளையை எதிர்த்துத்தான் ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூனும், பார்வையற்ற அமர் ஜெயினும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வசதி எட்டுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது நீதிமன்றம். சிமிட்டலுக்கு மாற்று வழி வையுங்கள் என்பது உட்பட 20 உத்தரவுகள். எழுதிய நீதிபதி ஆர். மகாதேவன், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். இந்த ஆப்பை எழுதியவர் காதில் அதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை.

“பிராஞ்சுக்கே போயிடுங்களேன்க்கா.”

“லீவு போட்டு வரிசையில நிக்கிறதுக்கா தம்பி இந்த ஆப்பு?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு புகார்ப் பக்கத்துக்குப் போனார். நடந்ததை மைக்கில் சொல்லச் சொல்ல எழுத்தாகியது. அனுப்பப் போனால் குறுக்கே ஒரு கேப்ட்சா: படத்தில் உள்ள எழுத்துகளை டைப் செய்யவும். காதால் கேட்கும் வழி அதில் இல்லை. போனைப் பையன் பக்கம் திருப்பினார்.

“கே… ஏழு… அப்புறம் பெரிய எம்…” கண்ணருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். “அக்கா, இது ஓவா, ஜீரோவா? எனக்கே தெரியலக்கா.”