எத்தனை கியர் அல்ல, எத்தனை பல்

ஐம்பதைத் தாண்டியபின் உடற்பயிற்சிக்கென்று துவிச்சக்கரவண்டி வாங்கப் புறப்படும் நண்பர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை கியர் வேண்டும்?" என்பதே. கேட்கவேண்டியது எத்தனை பல் என்பதையல்லவா?

யாழ்ப்பாணத்தில் நாம் ஓடித்திரிந்த பழைய சைக்கிள்களில் முன்னே 44, பின்னே 18 பற்கள் இருப்பது வழக்கம். பெடலை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நகரலாம். சமதரைக்கு அது போதும். எதிர்காற்று வீசும்போதுதான் முழங்கால் முறையிடத் தொடங்கும்.

ஓட்டம் சீராக அமைய, நிமிடத்துக்கு 80, 90 சுற்றுகள் இலேசாக மிதிக்கக்கூடிய கியர் வேண்டும். கனத்த கியரில் மெல்ல மிதிப்பது வீரமாகத் தெரியலாம். பாரமோ மூட்டில் இறங்கும். முன்னே 50, பின்னே 12 எனப் போட்டு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 42 கிலோமீற்றர் ஓடவேண்டியிருக்கும். நம் வயதில் அது எதற்கு?

சமதரையில் ஓடுபவருக்குப் பின்னே 12 முதல் 25 வரையான நெருங்கிய பற்சக்கரத் தொகுதியே உகந்தது. பத்துக் கியர் வண்டியில் அது 15, 16, 17 என ஒவ்வொரு பல்லாக மாறும். காலின் தாளம் குலையாது. 11 முதல் 34 வரை விரிந்த தொகுதியிலோ 15க்கு அடுத்தது 17. ஆனால் நுவரெலியாவுக்கு ஏறுபவருக்கு அந்த 34தான் தெய்வம்.

கியர் மாற்றுவதை இழுக்கென எண்ணியவர்களும் இருந்தனர். 1903இல் ரூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடக்கிய பத்திரிகை ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ் (நம் தொழிற்காரர்தான்!) அவர்களுள் ஒருவர். முன்னணி வீரர்களுக்கு 1937இலேதான் அங்கு கியர்மாற்றி அனுமதிக்கப்பட்டது.

முன்னே 50உம் 34உம் போதும். 53 பற்களை இளைஞருக்கு விட்டுவிடலாம்.