உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

ஒலிபெருக்கி என்ற சொல்லை ஆக்கியவர்கள் பாதியை மட்டுமே சொல்லிச் சென்றார்கள் என்று தோன்றுகிறது. ஒலியைப் பெருக்குவது அதன் வேலை, சரி. ஆனால் பெருகிய ஒலிக்குள் சொல் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் பெயரில் இடமில்லை. திருவிழா நாட்களில் மரக்கிளையில் கட்டிய குழாயிலிருந்து மூன்று ஊருக்குக் கேட்கும் பாட்டில் எத்தனை சொற்கள் நமக்கு விளங்கின என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும். வீட்டுக்கு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கப் புகுந்த ஏழு மாதங்களும் எங்களைத் துரத்திய கேள்வி இதுதான். அதில் அறிந்துகொண்டவை இதே தேடலில் இருக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று இங்கே எழுதிவைக்கிறோம்.

எங்கள் வீடு அமராவதி நகரில் இருக்கிறது. 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியும் ஊரின் அடையாளங்கள். ஆனைமலைத் தொடரின் அடிவாரம். மாலையில் மயில்கள் அகவி ஓய்ந்தபின் மின்விசிறியின் சத்தம்தான் பெரிய சத்தம். இந்த அமைதிக்குள் அப்பா பல்லடம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் விசைத்தறி ஓட்டினார். ஒரே தகரக் கூரையின் கீழ் இருபத்து நான்கு தறிகள். ஒவ்வொன்றிலும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டுப் பறக்கும். அங்கே பேச்சு என்பது கையசைவும் உதட்டசைவும்தான்.

அப்பா வாசிப்பவர் அல்லர், கேட்பவர். பராசக்தி (1952) வசனம் இசைத்தட்டில் ஒலித்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலி ஒலிச்சித்திரம் போடுமே, அதைக் கேட்டுத்தான் பல படங்களை அவர் அறிந்திருந்தார். திரையில் பார்த்தது பிற்பாடு. திருவிளையாடல் (1965) வசனத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஏற்ற இறக்கத்தோடு சொல்வார். உருவம் இல்லாமலே ஒரு படத்தை முழுமையாக அனுபவித்த தலைமுறை அது. தமிழ் படிக்கும் ஆசை எங்களுக்கு அந்த வானொலிப் பெட்டியின் அருகிலிருந்துதான் தொடங்கியது.

அத்தகைய மனிதர் மூன்று ஆண்டுகளாகத் தொலைக்காட்சி முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டார். நாங்கள் சிரிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்துத் தாமும் சிரிப்பார். பிறகு எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஒருமுறை கேட்டபோது சொன்னார்: "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு. என்ன பேசறாங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் தேர்வுக்கான இலக்கணம் முழுவதும் இருந்தது. கோவையில் காது பரிசோதித்த நிபுணர் வரைபடத்தைக் காட்டி அதையே விளக்கினார். இரைச்சலில் பழுதாகும் காது முதலில் இழப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. பள்ளம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகில் விழும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழான மாதிரி விதிகள் வரம்பு வைத்திருந்தன. நாடாத் தறிகள் நிறைந்த கூடத்தில் அந்த வரம்பு எளிதில் தாண்டப்படும். உள்செவியில் பட்டுப்போன மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

தமிழ் கற்பிப்பவர்களுக்கு இதன் பொருள் உடனே பிடிபடும். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயலான பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் வாயிலும் எழுத்தாக உருக்கொள்வதைச் சொல்கிறது. அந்த எழுத்து காதுக்குள் எங்கே போய் இறங்குகிறது என்பதை இன்றைய ஒலியியல் சொல்கிறது. உயிரெழுத்துகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லினம் வெடிக்கும் கணமும் சகரத்தின் உரசலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. ஆகவே அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. காடு, பாடு, சாடு, நாடு எல்லாம் அவருக்கு ஏறக்குறைய ஒரே சொல். சத்தத்தைக் கூட்டினால் உயிர்தான் மேலும் உரக்கக் கேட்கும். அதோடு, இத்தகைய காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. உரத்த ஒலியோ சட்டென்று வலியாக மாறும். இரண்டுக்கும் இடையில் உள்ள சந்து மிகக் குறுகலானது.

இந்த அறிவோடு கடைகளுக்குப் போனோம். திருப்பூரிலும் கோவையிலுமாக ஐந்து கடைகள். எல்லா இடங்களிலும் நடந்தது ஒன்றே: விளக்கை அணைப்பார்கள், கார்கள் வெடித்துப் பறக்கும் காட்சியைப் போடுவார்கள், நாற்காலி அதிரும். "பாஸ் எப்படி இருக்குதுன்னு பாருங்க சார்" என்பார்கள். யாரும் ஒரு மனிதர் பேசுவதைப் போட்டுக் காட்டவில்லை. எங்கள் பென் டிரைவில் இருந்த வசனக் காட்சியைக் குறைந்த ஒலியில் போடச் சொன்னபோது ஒரு கடைக்காரர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்றார்கள். அது ஒரு கணத்தின் உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்ணே தவிர, தொடர்ந்து கிடைக்கும் திறன் அன்று. உண்மையான வாட் கூட அவ்வளவு பேசுவதில்லை. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இருமடங்கு உரக்கக் கேட்பதுபோல் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். மாறாக, கேட்பவர் 12 அடியிலிருந்து 6 அடிக்கு நெருங்கி உட்கார்ந்தால் ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடுகிறது. அப்பாவின் நாற்காலியை நகர்த்தியது எங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்த நான்கு மடங்கு வாட்.

அடுத்தது, ஐந்து ஸ்பீக்கர்களில் எது முதன்மை என்பது. 1995இல் வெளியான குருதிப்புனல் டால்பி ஒலியமைப்புக்கு இங்கே முன்னோடி. 2012இல் சிவாஜி முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸ் ஒலியோடும், 2013இல் விஸ்வரூபம் ஆரோ ஒலியோடும் வந்தன. ஒலி சுவரேறிக் கூரைவரை போய்விட்டது. ஆனால் படம் எவ்வளவு புதியதானாலும் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. பழைய படமானாலும் அப்படித்தான். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் அந்த ஒலியை ரிசீவரின் புரோ லாஜிக் போன்ற முறைகள் நடுவுக்கே அனுப்பிவிடுகின்றன. ஆக, சிவாஜியும் நாகேஷும் எங்கள் வீட்டில் பேசப்போவது அந்த ஒரு பெட்டியிலிருந்துதான். கடைகளில் அதைத்தான் மிகச் சிறியதாக வைத்திருந்தார்கள்!

நடு ஸ்பீக்கர் என்று தனியாக விற்பவை பெரும்பாலும் படுக்கைவாக்கில் நீண்டவை: நடுவில் ட்வீட்டர், இருபுறமும் வூஃபர்கள். நேர் எதிரே இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். பக்கவாட்டில் உட்காருபவருக்கு இரு வூஃபர்களின் ஒலியும் வேறுவேறு தொலைவைக் கடந்து வருவதால், பேச்சின் சில பகுதிகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அப்பாவின் நாற்காலியோ சன்னல் ஓரமாகப் பக்கவாட்டில் இருப்பது. அதை அவர் மாற்றமாட்டார். ஆகவே முன்பக்க மூன்றுக்கும் ஒரே வகை நிமிர்ந்த புத்தக அலமாரி ஸ்பீக்கர்களையே எடுத்தோம். நடுவில் இருப்பதைத் தொலைக்காட்சிக்குக் கீழே தாழ்ந்த பலகையில் வைத்து, மரத்துண்டு கொடுத்து ட்வீட்டர் அப்பாவின் காதை நோக்கும்படி சாய்த்தோம். ரிசீவரில் நடு ஸ்பீக்கருக்கு மட்டும் 3 டெசிபல் கூட்டினோம். இரவு நேரத்துக்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உரத்த ஒலியைத் தாழ்த்தி, மெல்லிய ஒலியை உயர்த்துவது. குறுகிய சந்தில் நடக்கும் காதுக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. எங்கள் வீட்டில் அது பகலிலும் ஓடுகிறது.

பாதி வேலை அறையில் இருந்தது. பதினாறு அடிக்குப் பதினோரடிக் கூடம். பளிங்குபோன்ற தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. கைதட்டினால் ஒலி கணகணவென்று தொடரும். முதல் எழுத்தின் எதிரொலி அடுத்த எழுத்தின் மேல் விழுந்தால் நல்ல காதே தடுமாறும். தரையில் தடித்த பவானி ஜமுக்காளம் விரித்தோம். பக்கச் சுவர்களில் மரச்சட்டம் அடித்து, திருப்பூரில் மூட்டைக் கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டை இரண்டங்குலக் கனத்துக்கு நிரப்பி, காடாத் துணியால் மூடினோம். தாழ்ந்த பாஸ் ஒலியை இது தொடாது. ஆனால் மெய்யெழுத்துகள் வாழும் உயர்ந்த பகுதியின் எதிரொலியை நன்றாக உறிஞ்சுகிறது. சட்டத்துக்குள் துணியை அடைத்தவர் அப்பாதான். எது எத்தனையாம் நம்பர் நூல் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வு சரியா என்று அறிய எங்கள் தொழில் தெரிந்த வழியிலேயே ஒரு சோதனை வைத்தோம். ஓர் எழுத்து மட்டும் மாறும் இருபத்தைந்து சொற்கள்: கதை, சதை, வதை, படி, பசி, பணி, இப்படி. வீட்டில் ஒருவர் படிக்க, கைப்பேசியில் பதிந்து, ஒரே ஒலியளவில் ஓடவிட்டோம். காதுக் கருவி அணிந்திருந்த அப்பா, கேட்டதைக் கேட்டபடி திரும்பச் சொன்னார். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் ஒன்பது சரி. புதிய ஸ்பீக்கரில், வெறும் அறையில் பதின்மூன்று. நாற்காலி நகர்ந்து, சுவருக்குத் துணி ஏறியபின் பதினெட்டு. மீதி ஏழு எந்த ஸ்பீக்கருக்கும் எட்டாத இடத்தில் இருக்கின்றன. காதுக் கருவிக்கு மாற்றாக ஸ்பீக்கரை யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதையும் அந்த ஏழு சொல்கிறது.

கல்லூரியில் படிக்கும் மகனுக்கு வேறு கனவு இருந்தது. சப்வூஃபரும் கூரை ஸ்பீக்கரும் வேண்டும் அவனுக்கு. பதினோரடி அகல அறையில் 50 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தானாகவே தேங்கி முழங்கும், அது பேச்சின் மேல் போர்வையாக விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டியும் அவன் முகம் மாறவில்லை. முகத்தை மாற்றியது பதினெட்டாவது சொல். தாத்தா அதைச் சரியாகச் சொன்னபோது குறிப்பேட்டில் குறித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். சப்வூஃபருக்கு வைத்திருந்த பணம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வாங்கக்கூடாது என்று முடிவு ஒன்றும் இல்லை; வரிசைதான் மாறியிருக்கிறது. முதலில் நடு, பிறகு இடமும் வலமும், பிறகு அறை, கடைசியில் அதிர்வு. வாங்கப்போகும் நண்பர்களுக்கும் இந்த வரிசையையே சொல்வோம். கடைக்குப் போகும்போது தெரிந்த குரல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் யாருடைய காது மிகவும் பழுதானதோ, அவரையும் கூட அழைத்துப்போங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பல்லடத்தில் தறிக்கூடத்தில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தான். நாடா இல்லாத புதிய தறிகள், அவ்வளவு சத்தம் வராது என்றான். அப்பா அவனை உட்காரவைத்துக் காடு, பாடு, சாடு என்று மூன்று சொற்களைச் சொன்னார். தமக்கு மூன்றும் ஒன்றாகக் கேட்கும் கதையையும் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி, "காதுல வைக்கிற பஞ்சுக் கட்டை ஒண்ணு இருக்குதாமா? இவனுக்கு ரெண்டு சோடி வாங்கிக் குடுத்துடுங்க" என்றார். மருந்துக் கடையில் விசாரித்தோம். ஒலிக்காக இந்த ஆண்டு வீட்டில் வாங்கிய பொருட்களிலெல்லாம் மிக மலிவானது அதுதான்.