அப்பாவின் ப-த-க

(ஒரு மாணவி, 11-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு)

என் தந்தை எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலியின்போது முதல் வாசகம் வாசித்து வந்தவர். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசை வரைக்கும் அவர் குரல் கேட்கும் என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். தலைக்கவசம் தலையில் இல்லை. வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. (இதைப் படிக்கும் தந்தையர் கவனிப்பார்களாக!)

பதினொரு நாள்கள் நினைவின்றிக் கிடந்தார். பின் கை கால்கள் மெல்ல வசத்துக்கு வந்தன. பேச்சு மட்டும் வாயில் கூழை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. “புத்தி கலங்கிப் போச்சோ?” என்று உறவினர் ஒருவர் அவர் காதுபடவே கேட்டார்.

பேச்சுப் பயிற்சி அளிக்கும் அக்கா ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் ஒரு தாளைக் கொடுத்து, “வீட்டைப் பற்றி எழுதுங்க சார்” என்றார். அப்பா கோணல் மாணலாக, ஆனால் ஒரு பிழையுமின்றி நான்கு வரி எழுதினார். “பாத்தீங்களா, மொழி அப்படியே இருக்கு. தசைதான் சொன்னபடி கேக்கல” என்றார் அக்கா. அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

பிறகு மூச்சை நன்றாக இழுத்து “ஆ” என்று நீட்டச் சொன்னார். அப்பாவுக்கு ஆறு நொடிதான் நின்றது. நான் சொல்லிப் பார்த்தபோது பதினேழு. அடுத்து ‘ப-ப-ப’, ‘த-த-த’, ‘க-க-க’, கடைசியில் மூன்றையும் சேர்த்து ‘ப-த-க’ என்று வேகமாகச் சொல்ல வேண்டும். ‘ப’ உதட்டுக்குச் சோதனை, ‘த’ நுனி நாக்குக்கு, ‘க’ அடி நாக்குக்கு. நாம் நொடிக்கு ஐந்தாறு முறை எளிதாகச் சொல்லிவிடுவோம். அப்பாவால் இரண்டுக்கு மேல் முடியவில்லை. மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்தார். ‘ப’ சொல்லும்போது அதில் ஆவி படிந்தது. உள்நாக்குப் பக்கம் சரியாக மூடாததால் காற்று மூக்கு வழியே நழுவுகிறதாம். ‘மழை’ என்பது ‘மயை’ என்று வந்தது. (இது நம் வகுப்பில் பலருக்கு அடிபடாமலே வரும்!)

தசை தளர்ந்தோ இறுகியோ தடுமாறியோ பேச்சு குழறுவதை ‘டிஸ்ஆர்த்ரியா’ என்கிறார்கள். தசையில் பலமிருந்தும், எந்த ஒலிக்கு வாயை எப்படி அமைப்பது என்று மூளை திட்டமிட முடியாமல் தடுமாறுவது ‘அப்ராக்ஸியா’. பின்னதில் ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகப் பிழைபடும். அப்பாவுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஒரே மாதிரிதான் குழறியது, ஆகவே முன்னது.

மருந்து மாத்திரை எதுவும் தரவில்லை. மூச்சுக்கு மூன்று நான்கு சொல் மட்டும். வாயை நன்றாகத் திறந்து, மேசையில் விரலால் தட்டித் தட்டி, மெதுவாக. அத்துடன் ஓர் எழுத்து அட்டை. 247 எழுத்தும் வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தைத் தொட்டுவிட்டுப் பேச வேண்டும். அதனால் அவர் வேகம் குறையும், கேட்பவருக்கும் துப்புக் கிடைக்கும்.

எங்களுக்கும் விதிகள் இருந்தன. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முகம் பார்த்து அமர வேண்டும். புரிந்ததைத் திருப்பிச் சொல்லி, புரியாத சொல்லை மட்டும் கேட்க வேண்டும். புரிந்ததுபோல் தலையாட்டவே கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நான் மீறினேன்.

2024 ஜனவரியில் ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா ஏதோ கேட்டார். நான் தலையாட்டிவிட்டு ஓடினேன். “பெற்றோர் கூட்டத்துக்கு நான் வரட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். பிற்பகல் வெள்ளைச் சட்டையுடன் பள்ளி வாசலில் நின்றார். எனக்குத் திக்கென்றது. தோழியர் முன்னிலையில் அவர் பேசிவிடக் கூடாதே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன். அருட்சகோதரி அவரை அமர வைத்து, அட்டையைப் பார்த்துப் பார்த்து, கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பேருந்தில் அப்பா பயணச்சீட்டுக் கேட்டார். நடத்துநர் முகத்தைச் சுளித்து, “பட்டப்பகல்லயேவா?” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். “அவர் குடிக்கவில்லை” என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு ஒரு சிறு அட்டையில் எழுதினேன்: “எனக்கு விபத்தில் தலையில் அடிபட்டது. மது அருந்தவில்லை. மெதுவாகப் பேசுவேன், தயவுசெய்து பொறுத்துக் கேளுங்கள்.” அப்பா அதைப் படித்தார். ‘ந’ எழுத்தைத் தொட்டு, “நல்ல... கையெழுத்து” என்றார். பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த அட்டை இன்றும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

கோவிலில் இன்னும் அவர் வாசிக்கவில்லை. வீட்டுச் செபமாலையில் மூன்றாம் பத்து மட்டும் அவருடையது. மேசையில் விரல் தட்டும் ஓசையுடன் ஒவ்வொரு மங்கள வார்த்தையும் நீளும். ஏழாவது மணிக்குள் தம்பி தூங்கிவிடுவான். பாட்டி அவசரப்பட்டு முன்னால் சொல்லத் தொடங்கினால் அம்மா அவர் கையை மெல்ல அழுத்துவார். நாங்கள் காத்திருப்போம்.